காசு வாங்காத மைதானத்தில் பிள்ளைகளுக்குத் தீனி: ஜிபேயா, கார்டா, கட்டுச்சோறா?

வேலூர்க்காரர்களுக்கு கிரிக்கெட் மேட்ச் பார்க்க இரண்டு திசை இருக்கிறது. கிழக்கே சேப்பாக்கம், மேற்கே பெங்களூரு. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டுமே போய்வரக்கூடிய தூரம்தான், டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. போன ஐபிஎல் சீசனில் நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் பையன், நாலாவது படிக்கும் பெண், மாமனார். எந்த மைதானம் என்று சொல்லப் போவதில்லை, அவர்களோடு நமக்கெதற்கு வம்பு. உள்ளே போய் உட்கார்ந்து ஐந்து ஓவர்கூட ஆகவில்லை, பெண் பாப்கார்ன் கேட்டாள். மாமனார் உடனே எழுந்து போனார், பேத்தி கேட்டால் அவருக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இன்னாம்மா இது, காந்தி படம் போட்ட நோட்டை வேணான்றான்?"

கவுன்டரில் பணம் வாங்க மாட்டார்களாம், க்யூஆர் கோடு அல்லது கார்டு மட்டும்தானாம். சரி என்று வீட்டுக்காரர் போனார். அவருடைய போனில் சிக்னல் நாலு கோடு நின்றது, ஆனால் நெட் நகரவில்லை. பக்கத்தில் முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருந்தால் டவர் என்ன செய்யும் பாவம். வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'ப்ராசஸிங்' என்று நின்றுவிட்டது. கவுன்டர் பையன் வரவில்லை என்கிறான், இவர் போய்விட்டது என்கிறார், பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள். இன்னொரு முறை போட்டார். இரண்டும் போனது. அறுநூறு சொச்சம் ரூபாய் பாப்கார்னுக்கும் கூல் டிரிங்க்ஸுக்கும் இரண்டு தடவை கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது இரண்டு விக்கெட் போயிருந்தது, அதையும் அவர் பார்க்கவில்லை.

முதலில் போன பணம் நாலாம் நாள் தானாகவே திரும்பி வந்தது. இந்த மாதிரி கடைக்குப் போட்ட யூபிஐ பணம் கணக்கில் கழிந்து கடைக்குச் சேராமல் போனால் ஐந்து நாளுக்குள் திரும்பியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே விதி போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவு பதறியிருக்க மாட்டோம். அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து யோசித்தேன், என்னென்ன வழி இருக்கிறது, எது நம் மாதிரி குடும்பத்துக்குச் சரிப்படும் என்று. சிலதைச் செய்தும் பார்த்தோம்.

யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. எல்லோரும் ஜிபேயா கார்டா என்று கேட்கிறார்கள், நான் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. கவுன்டர் வரைக்கும் யார் நடந்து போகப் போகிறார்கள்? முன்பெல்லாம் பிள்ளை கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து "போய் வாங்கிட்டு வா, மீதிச் சில்லறையைக் கொண்டா" என்று அனுப்பிவிடுவோம். கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் என் அப்பா அப்படித்தான் என்னை அனுப்புவார், மிளகாய் பஜ்ஜி வாங்கி மீதியை எண்ணிக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒரு பெருமை இருக்கும். பணம் செல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை போக முடியாது, பெரியவர் ஒருவர் போனோடு எழுந்தாக வேண்டும். அப்போது மேட்ச் யாருக்கு? ஆக, எட்டாவது படிக்கிற பையன் தனியாகப் போய் வாங்கி வர வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. நாலாவது படிக்கிற பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன், அவளுக்கு வேறு கணக்கு.

முதலில் நம் போனிலேயே கட்டுவது. இதை விட்டால் வழியில்லை என்கிறவர்களுக்கு யூபிஐ லைட் என்று ஒன்று இருக்கிறது, பாதிப் பேர் ஆப்பில் அந்தப் பொத்தானைப் பார்த்திருப்பார்கள், தொட்டிருக்க மாட்டார்கள். 2022 செப்டம்பரில் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே போனுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறோம், சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகுவது போல. கட்டும்போது பின் நம்பர் கேட்காது, ஒவ்வொரு முறையும் நம் வங்கியின் கணினியைப் போய்த் தட்டவும் வேண்டியதில்லை, அதனால் வங்கிப் பக்கம் நெரிசல் இருந்தாலும் சட்டென்று முடியும். இப்போது ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை, மொத்தமாக 5,000 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெட் சுத்தமாக இல்லையென்றால் இதுவும் நிற்கும், அதை மறக்கக் கூடாது. நெட்டே இல்லாமல் போனைப் போனோடு ஒட்டிக் கட்டுகிற லைட் எக்ஸ் என்று 2023-இல் அறிவித்தார்கள். அதற்குக் கடைக்காரரிடமும் அதற்கேற்ற கருவி வேண்டும், நான் போன எந்தக் கவுன்டரிலும் அதைப் பார்க்கவில்லை.

லைட்டில் பணம் போடுவதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும், போடும்போது பின் கேட்கும், நெட் வேண்டும். மைதானத்துக்குள் போய் அதைத் தொடங்கினால் முதலில் சொன்ன கதைதான். இன்னொன்று, பின் கேட்காது என்பதால் திறந்த போன் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் செலவழிக்கலாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் அதில் வைக்காமல் இருப்பது நல்லது.

இப்படி வேலை வேகமாகிறது என்றாலும் எழுந்து போவது நாம்தான். அப்படியானால் போனைப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிடலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் காரணம், பையனுக்கு யூபிஐ பின்னைச் சொல்லியாக வேண்டும், இன்றைக்குப் பாப்கார்னுக்குச் சொன்ன பின் நாளைக்கு ஆன்லைன் கேமுக்கும் அதே பின்தான். அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் பதின்மூன்று வயது. இரண்டாவது, கூட்டத்தில் கையில் பிடித்த போன் தட்டிப் பறிக்கப்படுவதற்கு எத்தனை வினாடி? அந்தப் போனில்தான் திரும்பி வர எடுத்த ரயில் டிக்கெட் இருக்கிறது, அந்தப் போன் நம்பரைத்தான் அவன் தொலைந்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். லைட் மட்டும் போட்டுக் கொடுத்தால் பின் பிரச்சினை தீரும், போன் பிரச்சினை தீராது.

நம் ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு தந்திரம் இருக்கிறது, கடைக்காரர் நம்பரையோ க்யூஆர் அட்டையின் போட்டோவையோ வாங்கி வீட்டிலிருந்தே பணம் போடுவது. சத்துவாச்சாரியில் டியூஷனுக்குப் பக்கத்து பேக்கரியில் என் பையன் பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கடைக்காரர் போனிலிருந்தே கூப்பிடுவான், "அம்மா, அண்ணன் நம்பர் சொல்றாரு, முப்பது ரூபா போடுங்க." நான் வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே போட்டுவிடுவேன். தெரிந்த கடை, பழகின முகம், அதனால் நடக்கிறது. மைதானத்தில் கவுன்டருக்கு முன்னால் இருபது பேர் நிற்கும்போது யார் போனை யார் தருவார்கள்?

அப்புறம் யூபிஐ சர்க்கிள். 2024 ஆகஸ்டில் வந்தது. நம் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் அவர் போனில் கட்டலாம், அவருக்குத் தனியாக வங்கிக் கணக்கு தேவையில்லை. இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு செலவுக்கும் நமக்குக் கேள்வி வரும், நாம் சரி சொன்னால்தான் போகும். இன்னொன்றில் முன்கூட்டியே வரம்பு போட்டுவிடலாம், அதிகபட்சம் மாதத்துக்கு 15,000, ஒரு தடவைக்கு 5,000, நாம் அதற்குள் எவ்வளவு குறைவாக வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் நிஜமாகவே அருமைதான். என் மாமனாருக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறோம், மாதம் மூவாயிரம் வரம்பு, தொட்டப்பாளையம் பக்கம் காய்கறி வாங்கிவிட்டு ஜிபே போட்டேன் என்று வாயெல்லாம் பல்லாக வருகிறார். ஆனால் பையனுக்கு ஆகாது. அவன் கையில் ஸ்மார்ட்போனும் சிம்மும் நெட்டும் இருந்தால்தான் சர்க்கிள். பத்தாவது முடியும் வரை போன் கிடையாது என்று நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம், பாப்கார்னுக்காக அதை உடைக்க முடியாது. ஏற்கனவே பிள்ளைக்குப் போன் கொடுத்துவிட்ட வீடு என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முதல் வகையை மைதானத்தில் நம்பாதீர்கள், அவன் அங்கே நிற்க, கேள்வி இங்கே நம் போனுக்கு வந்து சேர, நாம் சரி சொல்ல, அது அங்கே போக, நாலு பக்கமும் நெட் வேண்டும்.

கடைசியில் எங்கள் வீட்டில் ஜெயித்தது கார்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது புதிது.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பேரில் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துத் தானே நடத்தலாம். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் இதை மறுபடியும் தெளிவாக்கிச் சொன்னது, எவ்வளவு தொகை வரை, என்னென்ன வசதி என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்யும். ஏடிஎம் கார்டும் தரலாம். கணக்கில் இருப்பதற்கு மேல் ஒரு ரூபாய் எடுக்க விடக் கூடாது என்பது விதி, ஆக பிள்ளை கடன்காரனாக முடியாது. ஸ்டேட் பாங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு பெஹ்லா கதம், பத்து வயதைத் தாண்டிக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்கு பெஹ்லி உடான் என்று இரண்டு கணக்கு பல வருடமாகவே இருக்கிறது, பெயர் இந்தியில் இருப்பதால் நம் பக்கம் பாதிப் பேருக்கு அது பிள்ளைகள் கணக்கு என்றே தெரியாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், அப்பா அம்மாவுடைய ஆவணங்கள், போட்டோ, ஒரு சனிக்கிழமை காலை. அது எந்தச் சனிக்கிழமை என்று பார்த்துப் போங்கள், இரண்டாவதும் நாலாவதும் வங்கி லீவு.

கார்டில் வைஃபை மாதிரி நாலு கோடு போட்டிருந்தால் மெஷினில் தொட்டாலே போதும், 5,000 ரூபாய் வரை பின் அடிக்க வேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு, அதற்கு முன்னால் 2,000. இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். கார்டு வந்தது, காட்பாடியில் ஒரு கடையில் பையன் ஜம்பமாகத் தொட்டுப் பார்த்தான், மெஷின் 'டிக்ளைன்ட்' என்றது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், 2020-இல் போட்ட ஒரு விதிப்படி புதுக் கார்டுகள் ஏடிஎம்முக்கும் கடை மெஷினுக்கும் மட்டும்தான் திறந்து வரும், தொட்டுக் கட்டுவதையும் ஆன்லைன் செலவையும் நாமே போய்த் திறந்துவிட வேண்டும், வங்கி ஆப்பிலோ ஏடிஎம்மிலோ. திருட்டுக்குப் பயந்து வைத்த நல்ல விதிதான், யாரும் சொல்லித்தான் தருவதில்லை. நாங்கள் தொடுவதைத் திறந்தோம், ஆன்லைனை மூடியே வைத்தோம். இதுதான் போனைவிடக் கார்டை எனக்குப் பிடிக்க முக்கியமான காரணம். பையனால் இந்தக் கார்டை வைத்துக் கேமுக்குப் பணம் கட்ட முடியாது, பாப்கார்ன் வாங்க முடியும்.

பணம் எவ்வளவு வைப்பது? மேட்சுக்கு முதல் நாள் கணக்கில் ஐந்நூறோ எழுநூறோ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்காகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அபராதம் பிடிப்பார்கள். தொலைந்தால் ஆப்பில் ஒரு தட்டு தட்டி முடக்கிவிடலாம், போனால் அந்த ஐந்நூறுதான். மீதிச் சில்லறை எண்ணுவதற்குப் பதில் என் போனுக்கு மெசேஜ் வருகிறது, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று. அவனுக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

மெஷினுக்கு மட்டும் நெட் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். ஆனால் அது கடைக்காரர் பாடு. பெரிய மைதானங்களில் கவுன்டருக்குத் தனியாக லைன் போட்டிருந்தால் நம் போனில் நெட் செத்தாலும் மெஷின் ஓடும். யூபிஐயே நாடு முழுக்க முடங்கின நாளும் உண்டு, 2025 மார்ச் 26 சாயங்காலம், அப்புறம் ஏப்ரல் 12. இரண்டும் ஐபிஎல் நடந்துகொண்டிருந்த நாட்கள். அந்த மாதிரி நாளில் கையில் கார்டு இருந்தவர்கள் சாப்பிட்டிருப்பார்கள்.

வங்கிக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்குப் பிள்ளைகளுக்கான ப்ரீபெய்ட் கார்டு ஆப்கள் இருக்கின்றன, ஃபேம்பே மாதிரி. நாம் பணம் ஏற்றுகிறோம், பிள்ளை செலவழிக்கிறது. முழு ஆவணம் இல்லாமல் எடுக்கும் சின்ன ப்ரீபெய்ட் கணக்கில் எந்த நேரத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்க முடியாது, ரொக்கமாக எடுக்கவும் முடியாது. மோசமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் எல்லாம் ஆப்பைச் சுற்றியே இருக்கிறது, பிள்ளைக்கு ஆப்பில் வேடிக்கை காட்டிச் செலவழிக்கத் தூண்டுகிறார்களோ என்று எனக்கு ஒரு உறுத்தல். அதோடு வங்கிக் கணக்கு என்றால் தாத்தா பாட்டி பொங்கலுக்குக் கொடுக்கிற காசையும் அதிலேயே போட்டு வைக்கலாம்.

சென்னை மெட்ரோவுக்கு எடுத்த சிங்காரச் சென்னை கார்டு கையில் இருக்கிறதே, அதைத் தொட்டால் ஆகாதா என்று மச்சினர் கேட்டார். அது ரயிலுக்கும் மாநகர பஸ்ஸுக்கும் ஓடும், மைதானத்துப் பாப்கார்ன் கவுன்டரில் ஓடும் என்று நம்பிப் போக வேண்டாம்.

சில இடங்களில், முக்கியமாக இசை விழாக்களில், வாசலிலேயே கையில் பட்டை கட்டி அதில் பணம் ஏற்றித் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை, கையை நீட்டினால் போதும். ஆனால் ஏற்றின ஆயிரத்தில் மீதி நூற்றி நாற்பது இருக்கும், அதைத் திரும்ப வாங்க இன்னொரு வரிசை, பிள்ளைக்குத் தூக்கம், கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டு வருவோம். அந்த விட்டுவிட்டு வருகிற காசுதான் அவர்களுக்கு லாபமோ என்னவோ. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

நோட்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வந்துவிட்டால்? அட்லாண்டாவில் இருக்கும் என் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தான். அங்கே மெர்சிடீஸ் பென்ஸ் ஸ்டேடியம் 2019 மார்ச்சிலேயே பணம் வாங்குவதை நிறுத்திவிட்டதாம். ஆனால் உள்ளேயே தலைகீழ் ஏடிஎம் வைத்திருக்கிறார்களாம், நோட்டைப் போட்டால் கார்டு வரும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாதாம். அதைவிட எனக்கு ஆச்சரியம், 2017-இல் திறந்தபோதே ஹாட் டாக் இரண்டு டாலர், தண்ணீர் இரண்டு டாலர் என்று வெளியே விற்கிற மாதிரி விலை வைத்திருக்கிறார்கள். லண்டனில் டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் புது ஸ்டேடியமும் 2019 ஏப்ரலில் திறந்த நாளிலிருந்தே பணம் வாங்காத இடம். அதே அமெரிக்காவில் ஃபிலடெல்பியா 2019-இல், நியூயார்க் நகரம் 2020-இல், கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கின்றன, வங்கிக் கணக்கில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடம் தலைகீழ் ஏடிஎம் இல்லை, அதற்குப் பதில் பக்கத்து சீட் அண்ணன் இருக்கிறார். "அண்ணா, நான் கேஷ் தர்றேன், நீங்க ஜிபே போட்டுட்றீங்களா?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. அன்றைக்கு மாமனார் மூன்றாவது ஐஸ்கிரீமை இப்படித்தான் வாங்கினார், திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் கட்டினான், பேசப் பேச அவன் தாத்தாவும் இவரும் ஒரே வருஷம் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் என்று தெரிந்தது. நூறு, ஐம்பது நோட்டாக வைத்திருங்கள், ஐந்நூறை நீட்டினால் யாரிடமும் சில்லறை இருக்காது. நாணயம் எடுத்துப் போகாதீர்கள், தூக்கி எறிவார்கள் என்று பல மைதானங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பவர் பேங்கும் பொதுவாக உள்ளே போகாது, ஆக போனில்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் முழு சார்ஜோடு போங்கள், வீடியோ எடுத்தே காலி பண்ணாதீர்கள்.

எதுவும் வேண்டாம், வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம் என்பது என் அம்மாவின் கட்சி. வெளியிலிருந்து தீனி உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தைக்கான பால் மாதிரி சிலதற்குத்தான் விதிவிலக்கு, அதையும் டிக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் கட்டுச்சோறை வாசல் வரைக்கும் வைத்துக்கொள்வோம். நாங்கள் இப்போது செய்வது இதுதான். ரயிலிலேயே எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆற்காட்டில் வாங்கின மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று. ஆறு மணிக்கு வயிறு நிறைந்திருந்தால் உள்ளே பிள்ளைகள் கேட்பது பசிக்காக இல்லை, பக்கத்தில் எவனோ தின்கிறான் என்பதற்காக. அதற்கு ஒரு பாப்கார்ன் போதும். ஐந்து பேர் உள்ளே போய்ச் சாப்பிட்டு வயிற்றை நிரப்புவதற்கும் இதற்கும் எங்கள் கணக்கில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வந்தது. முறுக்கும் கடலை உருண்டையும் தாகம் எடுக்க வைக்கும், அதை ரயிலில் கொடுத்துவிட்டு உள்ளே போனால் தண்ணீருக்கே பாதிப் பணம் போகும். வெயிலூர்க்காரர்களுக்குத் தாகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒன்று. சீல் உடைக்காத பாக்கெட்டிலோ பாட்டிலிலோ எம்ஆர்பி போட்டிருந்தால் அதற்கு மேல் வாங்கக் கூடாது, மைதானமாக இருந்தாலும் சரி. ஒரே பொருளுக்கு இரண்டு எம்ஆர்பி அச்சடிப்பதும் 2018 ஜனவரியிலிருந்து கூடாது. புகாருக்கு 1915. ஆனால் மைதானத்தில் பாட்டிலை நம் கையில் தருவதில்லை, எறிவார்கள் என்று கப்பில் ஊற்றித்தான் தருவார்கள், ஊற்றிவிட்டால் எம்ஆர்பி எங்கே என்று கேட்க முடியாது. பாப்கார்னும் அப்படித்தான். கார்டைக் கையில் கொடுத்து அனுப்பும்போது பையனுக்கு இதைச் சொல்லி அனுப்பினேன், விலைப் பலகையைப் பார்த்துவிட்டுத் தொடு, மெஷினில் தொகையைப் பார்த்துவிட்டுத் தொடு. பின் அடிக்காத கார்டில் அவன் கண்தான் பின்.

எப்போது போவது என்பதும் இதில் சேரும். இன்னிங்ஸ் இடைவெளி இருபது நிமிஷம், அந்த இருபது நிமிஷத்தில் மொத்த ஸ்டாண்டும் கவுன்டரில் நிற்கும், நெட்டும் அப்போதுதான் செத்துக் கிடக்கும். அணிகள் திட்டம் பேச ஆட்டத்தை நிறுத்துகிற டைம் அவுட் இரண்டரை நிமிஷம், அதில் படி இறங்கத்தான் முடியும். ஒரு இன்னிங்ஸில் பந்து போடுகிற அணி ஆறாவது ஓவர் முடிந்து ஒன்பதுக்குள்ளும், அடிக்கிற அணி பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் நடுவிலும் அதை எடுக்கும். நடுவில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஓவர்கள், சுழல் பந்து, ஒன்று இரண்டு ரன்னாக ஓடிக்கொண்டிருக்கும். அப்போது போனால் கவுன்டரில் நாலு பேர்தான். என் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான், அந்த ஓவர்கள்தான் மேட்சின் உயிர் என்பான். அவன் அப்படிச் சொல்லி உட்கார்ந்துவிட்டால் கார்டு என் கைக்கு வந்துவிடும், மறுபடி எழுந்து போவது நான்.

உள்ளூரில் பிள்ளைகள் ஆடப்போகிற செயற்கைப் புல் மைதானத்துக்கு, அதாவது டர்ஃப்புக்கு, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். இங்கே எங்கள் பக்கத்து டர்ஃப்பிலும் க்யூஆர் கோடு மட்டும்தான், சில்லறை வம்பு வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். ஆடி முடித்துவிட்டு எட்டுப் பையன்கள் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார்கள், ஒருவனிடமும் போன் இருக்காது. நான் போய் மாதம் பிறந்ததும் ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டேன், கவுன்டரில் இருக்கும் அக்கா ஒரு நோட்டில் அவன் பெயர் எழுதிக் கழித்துக்கொண்டே வருகிறார். ரோஸ் மில்க் இருபத்தைந்து, சமோசா பன்னிரண்டு. எங்கள் தாத்தா காலத்துப் பெட்டிக்கடைக் கணக்குதான் இது, அப்போது சாப்பிட்டுவிட்டுக் கட்டுவோம், இப்போது கட்டிவிட்டுச் சாப்பிடுகிறோம். முன்னூறு ரூபாய் எப்படிக் கழிந்தது என்று பார்த்தால் பாதி நண்பர்கள் சாப்பிட்டது. அதைக் கேட்டால், "அவங்க அம்மா இன்னும் நோட்டு போடலைம்மா" என்கிறான்.

அடுத்த சீசனுக்கு எங்கள் ஏற்பாடு இப்படி. பையன் கையில் தொடுகிற கார்டு, அதில் ஐந்நூறு. என் போனில் யூபிஐ லைட்டில் ஆயிரம், பெண்ணோடு நான் போகும்போதுக்கு. வீட்டுக்காரர் போன் அணைத்தே இருக்கும், ரயில் டிக்கெட்டுக்காக. மாமனார் மடியில் வழக்கம்போல நோட்டு, இந்த முறை நூறு ரூபாயாக மாற்றிக்கொண்டுதான் வருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். பெண்ணுக்கு வருகிற தை மாதம் பத்து வயது முடிகிறது. கார்டில் என்ன படம் போட்டுத் தருவார்கள், அண்ணன் கார்டைவிட என் கார்டில் நூறு ரூபாய் கூடப் போடுவீர்களா என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.